கடற்காற்றும் இரைப்பு நோயும்

ஓணம் விடுமுறை நெருங்குகின்றது. செங்கல், உதியன்குளங்கரை, தனுவச்சபுரம், பாறசாலை ஆகிய ஊர்களில் வாழும் நம்மவர் பலரும் அவ்விடுமுறையில் ஒரு நாளைக் கடற்கரைக்கென்று ஒதுக்கி வைப்பது வழக்கம். சிலருக்குப் பூவார் அருகு; சிலருக்கு விழிஞ்ஞமும் கோவளமும் விருப்பம். இரைப்பு நோயுள்ள குழந்தையை உடன் அழைத்துச் செல்லலாமா என்று வாசக அன்பர் சிலர் வினவியுள்ளனர். கடற்காற்று நெஞ்சுக்கு நல்லது என்னும் நம்பிக்கை நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. பெரும்பாலான நாள்களில் அந்நம்பிக்கையால் தீங்கொன்றும் இல்லை. ஆண்டின் சில நாள்களில் மட்டும் அதே காற்று இரைப்பு நோயாளிக்குப் பகையாகி விடுகின்றது. அத்தகைய நாள்கள் நம் கரையில் ஓணத்தை ஒட்டிய காலத்திலேயே வந்துள்ளன என்பதே இத்திங்கள் நான் எழுத எடுத்துக்கொண்ட செய்தி.

நான் வைத்தியன் அல்லன். ரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். மருந்தைப் பற்றிய முடிவு எதுவாயினும் அதை மருத்துவரிடம் விட்டுவிட வேண்டுகிறேன்.

2004ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கொல்லம் முதல் விழிஞ்ஞம் வரையிலுள்ள கடற்கரை நெடுகிலும் பொறுக்கவொண்ணாத ஒரு நாற்றம் எழுந்தது. மீன்கள் செத்து ஒதுங்கின. கரையோரத்து மக்களில் 200க்கும் மேற்பட்டோர் குமட்டலும் மூச்சுத் திணறலும் கொண்டு வருந்தினர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். நல்லூழாக அந்தத் துன்பம் சிறிது நேரமே நீடித்தது. ஆயினும் கடலில் ஒரு பொருளையும் உண்ணாமல், கடல்நீரில் கால் வைக்காமல், காற்றை மட்டும் சுவாசித்தே இத்தனை பேர் நோயுற்றனர் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

காரணத்தை ஆராய்ந்தவர்கள் கடல்நீரில் நுண்ணுயிர்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்ததைக் கண்டனர். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்தோர், சுண்ணாம்புச் செதில்களை உடலில் போர்த்திய ஒருவகை நுண்பாசியே அந்த நாற்றத்திற்குக் காரணம் என்று 2005ஆம் ஆண்டில் எழுதினர். அதே மாத இறுதியில் விழிஞ்ஞத்துக் கடலில் நாக்டிலுகா என்னும் வேறோர் நுண்ணுயிர் பெருகி நீரைச் சிவக்கச் செய்ததையும் ஆராய்ச்சியாளர் பதிவு செய்துள்ளனர். இரவில் அலை உடையும்போது நீல ஒளி வீசுவது இதுவே. 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சென்னைக் கடற்கரையில் மக்கள் கூட்டங்கூட்டமாகச் சென்று கண்டு களித்த ஒளியும் இவ்வுயிரினுடையதே. காண அழகியது, பெருகி மடிந்து அழுகினாலோ மீனுக்கும் மூக்குக்கும் ஆகாதது.

இப்பெருக்கு எவ்வாறு உண்டாகின்றது? கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கடல்நீரில் எக்காலமும் மிதந்துகொண்டுதான் உள்ளன. அவற்றைப் பகை என்று கருதுவது பெரும் பிழை. மீனினத்தின் உணவுக்கு அவையே அடிப்படை. உலகில் உண்டாகும் பிராணவாயுவில் ஏறக்குறைய பாதி கடலில் வாழும் இத்தகைய சிற்றுயிர்களால் உண்டாவதே. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நம் கரையோரத்து மேல்நீர் அப்பால் தள்ளப்படுகின்றது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலெழுகின்றது. ஆழத்து நீரில் பாசிக்கு வேண்டிய உரச்சத்து மிகுதி. அதனோடு மழைவெள்ளம் வயல்களின் உரத்தையும் ஊர்களின் சாக்கடையையும் வாரிக்கொண்டு ஆறுகளின் வழியாகக் கடலைச் சேர்கின்றது. நம் நெய்யாறும் பூவாரில் கடலுக்குக் கொண்டு சேர்ப்பது வெறுந் தண்ணீரை மட்டும் அன்று. பின்னர் மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, வெயில் காயத் தொடங்கும்போது, உரமிட்ட நிலத்தில் களை முளைப்பதுபோல் பாசி முளைக்கின்றது. ஆவணிக்கும் புரட்டாசிக்கும் இடைப்பட்ட நாள்கள் ஏன் இதற்கு வாய்ப்பானவை என்பது இதனால் விளங்கும்.

இது புதிதாகத் தோன்றிய கேடும் அன்று. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் என்பவர், மலபார்க் கரையில் மீன்கள் திரளாக மடிவதற்கு ஒரு நுண்ணுயிர்ப் பெருக்கே காரணம் என்று 1917ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்துள்ளார்.

பூவார்ப் பக்கத்தில் நெடுநாள் வாழும் அன்பர்கள் 1997ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டார்கள். அதுவும் செப்டம்பர் மாதமே. விழிஞ்ஞம், பூவார்ப் பகுதியில் சிப்பியை உண்டவர்களில் 7 பேர் இறந்தனர். 500க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். பாசியின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது சிப்பி. சமைப்பதனால் அந்த நஞ்சு அழியாது; நரம்புகளை மரக்கச் செய்து, கடைசியில் மூச்சு வாங்கும் தசைகளையும் அசையவொட்டாமல் செய்துவிடும். அது வாய்வழி வந்த கேடு. இரைப்பு நோயோடு அதற்குத் தொடர்பில்லை. நோயுள்ளவரையும் இல்லாதவரையும் அது ஒன்றுபோலவே தாக்கும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு மீனே வேண்டாம் என்று ஒதுக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். பாசி பெருகி நீர் நிறம் மாறியிருக்கும் நாள்களில் சிப்பியையும், கரையில் செத்து ஒதுங்கிய மீனையும் விலக்கினால் போதும். உயிரோடு வலையில் அகப்பட்டு அன்றே விற்பனைக்கு வரும் மீனை விற்கும் பெண்மணியை வீட்டு வாசலிலிருந்து விரட்டுவது நியாயமன்று.

நிற்க. நீரில் உள்ள பொருள் மூக்கிற்கு எப்படி வந்து சேர்கின்றது என்னும் ஐயம் எழக்கூடும். இதற்கு விடை காண நாம் அமெரிக்காவின் புளோரிடாக் கரைவரை சென்று வருதல் வேண்டும்; ஏனெனில் மிக நுணுகி ஆராயப்பட்டது அக்கரையே. அங்கே கரீனியா பிரெவிஸ் என்னும் பாசி பெருகிக் கடல் செந்நிறம் கொள்வது அடிக்கடி நிகழ்வது. 1946, 1947ஆம் ஆண்டுகளில் பெரும் பெருக்கு ஒன்று ஏற்பட்டபோது கரையில் வாழ்ந்தோர் காரணம் அறியாமல் இருமித் தவித்தனர். உட்ஸ்ஹோல் கடலியல் நிறுவனத்தைச் சேர்ந்த உட்காக் என்பவர் அந்தச் செந்நீரை எடுத்து நுண்துளிகளாகத் தெளித்து, அந்தக் காற்றைச் சுவாசித்தபோது அதே இருமலும் எரிச்சலும் உண்டாவதைக் கண்டார். அக்காற்றையே பஞ்சின் ஊடாக வடித்துச் சுவாசித்தபோது தொல்லை நின்றது. ஆகவே நஞ்சு வாயு வடிவில் வரவில்லை. நீர்த்துளியில் ஏறி வருகின்றது என்பது தெளிவாயிற்று. 1948ஆம் ஆண்டில் அவர் இதனை வெளியிட்டார். பெரிய கருவிகள் ஒன்றுமின்றி, தம் மூக்கையும் தொண்டையையுமே சோதனைச் சாலையாக்கிக் கண்ட உண்மை இது!

அலை கரையில் மோதி உடையும்போது மென்மையான பாசியின் உடலும் உடைந்து நஞ்சு நீரில் கலக்கின்றது. நுரையில் எழும் குமிழிகள் அந்நஞ்சைத் திரட்டிக்கொண்டு மேலே வந்து வெடிக்கின்றன. வெடிக்கும்போது தெறிக்கும் துளிகள் மிக மிகச் சிறியவை. காற்று கடலிலிருந்து நிலத்தை நோக்கி வீசினால் அவை ஊருக்குள் புகுகின்றன. கரையிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளேயும் அந்நஞ்சு காற்றில் காணப்பட்டதாகப் புளோரிடா ஆராய்ச்சியாளர் அளந்து கூறியுள்ளனர்.

நோயற்றவருக்கு இதனால் கண் எரியும், தொண்டை கரகரக்கும், இருமல் வரும்; கரையை விட்டு அகன்றால் விரைவில் தணிந்துவிடும். இரைப்பு நோயாளியின் நிலை வேறு. அவருடைய மூச்சுக்குழாய்களின் உட்புறம் எப்போதும் சிறிது வீங்கிச் சினந்தே இருக்கும். புகையோ, தூசியோ, குளிர்ந்த காற்றோ பட்ட அளவில் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகும்; வீக்கம் மிகும்; சளி அடைக்கும்; மூச்சு குழலூதுவதுபோல் ஒலிக்கும். மயாமிப் பல்கலைக்கழகத்தாரும் சரசோட்டாவிலுள்ள மோட் கடல் ஆய்வுக்கூடத்தாரும் சேர்ந்து, இரைப்பு நோயுள்ள 97 பேரைக் கடற்கரையில் ஒரு மணி நேரம் இருக்கச் செய்து, முன்னும் பின்னும் அவர்களது மூச்சின் வலிமையை அளந்தனர். கடல் தெளிந்திருந்த நாள்களில் வேறுபாடு தோன்றவில்லை. செந்நீர் நாள்களிலோ இருமலும் நெஞ்சிறுக்கமும் மிகுந்தன. ஊதும் வலிமை குறைந்தது. நாள்தோறும் மருந்து உட்கொள்ளும் அளவுக்கு நோய் உடையவர்களிடம் இக்குறைவு தெளிவாகப் புலப்பட்டது. 2007ஆம் ஆண்டில் இம்முடிவு வெளியாயிற்று. கரையை விட்டு வந்தபின் அடுத்த சில நாள்களிலும் தொல்லை தொடர்வதைப் பின்னர் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஒரு மணி நேரம் என்பதை நம் தாய்மார் கவனித்தல் வேண்டும். குழந்தை மணலில் வீடு கட்டி விளையாடும் நேரம் அதைவிடக் குறைவாக இருப்பதில்லை.

இத்தாலி நாட்டின் ஜெனோவா நகரத்திலும் இவ்வாறே 2005ஆம் ஆண்டு ஜூலையில் வேறொரு பாசி பெருகியது. ஏறத்தாழ 200 பேர் காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் கொண்டு மருத்துவமனையை நாடினர்.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட விரும்புகிறேன். புளோரிடாவின் பாசி வேறு, 2004இல் நம் கரையில் பெருகியவை வேறு. அங்கே நீர்த்துளியில் ஏறி வந்தது நஞ்சு. இங்கே மக்களை வருத்தியதாகச் சொல்லப்படுவது நாற்றம். ஆனால் இரைப்பு நோயாளியின் மூச்சுக்குழாய் இந்த வேறுபாட்டையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. கடுமையான நாற்றமே அதைச் சுருங்கச் செய்யப் போதும். சாம்பிராணிப் புகைக்கும் மிளகாய் வறுக்கும் நெடிக்கும் திணறுகின்ற குழந்தை அழுகிய பாசியின் நெடிக்கும் திணறும். ஆகையால் பெயர் தெரியாத பாசியாயினும் செய்ய வேண்டியது ஒன்றே.

நம்மைப் போல் மொழி மாறி வாழ்வோர்க்கு இந்நோயில் தனியாக ஓர் இடர் உண்டு. அதை எழுதவே எனக்கு ஆவல் மிகுதி. நம் சங்கத்துக் குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பெயரும் இடமும் வேண்டா. கடற்கரைக்குச் சென்று திரும்பிய இரவு பையனுக்கு மூச்சு வாங்கியது. தாயார் அவனைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார். அங்கிருந்த செவிலிப் பெண் "குஞ்ஞினு வலிவுண்டோ?" என்று மலையாளத்தில் கேட்டாள். ஊரிலிருந்து வந்து இரண்டு திங்களே ஆகியிருந்த அத்தாயார், பிள்ளைக்கு வலிமை உண்டோ என்று கேட்பதாக எண்ணி, "வலிவே இல்லை அம்மா, துவண்டு கிடக்கிறான்" என்றார். மலையாளத்தில் வலிவு என்றால் இரைப்பு! இரைப்பு இல்லை என்றே செவிலி குறித்துக்கொண்டாள். மருத்துவர் வந்து மார்பில் குழாயை வைத்துக் கேட்டபின்புதான் உண்மை தெரிந்தது. அதற்குள் அரை மணி நேரம் கழிந்துவிட்டது. செவிலி மீதும் குற்றமில்லை, தாய் மீதும் குற்றமில்லை. ஒரே சொல் இரண்டு மொழியில் இரண்டு பொருள் தந்து நின்றது. நாமும் ஊருக்கு ஊர் இழுப்பு என்றும் ஈளை என்றும் இரைப்பு என்றும் சொல்கிறோம். அவற்றுள் இழுப்பு என்பது சில ஊர்களில் கைகால் வெட்டி இழுக்கும் நோயையும் குறிக்கும். எல்லைக்கு அப்பாலும் இப்பாலும் ஐயமின்றி விளங்குவது ஆஸ்துமா என்னும் சொல் ஒன்றே. தமிழ்ப் பற்றுள்ள அன்பர்கள் பொறுத்தருள்க. நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் அச்சொல்லையே வழங்குங்கள்.

அடுத்து மருந்தைப் பற்றியது. உறிஞ்சும் மருந்து பழகிவிடும், பிறகு விடவே முடியாது என்னும் அச்சம் நம் வீடுகளில் வேரூன்றி நிற்கின்றது. பெண் குழந்தையாயின் வெளியில் தெரிந்தால் வரன் அமையாது என்று அதை அரிசிப்பானைக்குள் ஒளித்து வைப்போரும் உளர். இவ்வச்சத்திற்கு அடிப்படை இல்லை. உறிஞ்சும் மருந்து நேரே மூச்சுக்குழாய்க்குச் செல்வதால் மாத்திரையிலும் மருந்துநீரிலும் உள்ளதைவிட மிகக் குறைந்த அளவே போதும். அவற்றில் இரண்டு வகை உண்டு என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று, மூச்சு முட்டும்போது உடனே குழாயைத் திறப்பது; சால்புட்டமால் அவ்வகை. மற்றொன்று, நோய் இல்லாததுபோல் தோன்றும் நாள்களிலும் விடாமல் எடுத்துக்கொண்டு உட்புற வீக்கத்தைத் தணிப்பது. பையன் நன்றாயிருக்கிறான் என்று ஜூலையில் இரண்டாவதை நிறுத்திவிட்டு, செப்டம்பரில் முதலாவதை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்குச் செல்வதே பெருந்தவறு. தடுப்பு மருந்தின் பலன் ஓரிரு நாளில் வருவதன்று. அதற்குச் சில வாரங்கள் வேண்டும். ஓணத்திற்கு ஆயத்தம் ஆடியிலேயே தொடங்குகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, புறப்படும் நாளில் கவனிக்க வேண்டியவை. ஹைதராபாதிலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் படங்களின் துணையால் பாசிப் பெருக்கைக் கண்காணித்து வருகின்றது. எனினும் விடியற்காலையில் உங்கள் வாசலுக்கு மீன் கொண்டுவரும் பொழியூர்ப் பெண்மணியை விடச் சிறந்த தகவல் நிலையம் எது? நீர் சிவந்ததா, பச்சையாய்க் குழம்பியதா, செத்த மீன் ஒதுங்கியதா, நாற்றம் உண்டா என்று அவரைக் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். உண்டு என்றால் பயணத்தை வேறொரு நாளுக்கு மாற்றுங்கள். போய்ச் சேர்ந்தபின் நாற்றமோ, காரணமற்ற இருமலோ தோன்றினால் பேருந்துக் காசு வீணாயிற்றே என்று எண்ணாமல் திரும்பிவிடுங்கள். பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். அலை மோதும் விளிம்புதான் எல்லாவற்றிலும் மோசமான இடம். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்வது மனத்துக்கு ஆறுதலே அன்றி நுண்துளியைத் தடுக்காது.

செங்கலில் வாழும் நமக்குக் கடல் நேர்க்கோட்டில் பத்துக் கிலோமீட்டருக்கும் குறைவே. ஆயினும் சன்னலை அடைத்துக்கொண்டு வீட்டில் இருக்க நமக்கு வசதி உண்டு. கரையிலேயே குடியிருந்து மீன் தரம் பிரித்தும் ஐஸ் உடைத்தும் பிழைக்கும் நம்மவர்க்கு அந்த வசதி இல்லை. நாற்றம் என்று சொல்லி வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போயிற்று. அவர்களில் இரைப்பு நோய் உள்ளவர்கள் அத்தகைய நாள்களில் இரண்டு மருந்தையும் தவறாமல் எடுத்துக்கொள்வதோடு, முன்கூட்டியே மருத்துவரைக் கண்டு அளவை மாற்ற வேண்டுமா என்று கேட்டுக்கொள்வது நலம். உள்ளூரில் உறவினர் வீடு உள்ளவர்கள் குழந்தைகளையேனும் அந்தச் சில நாள்கள் இங்கு அனுப்பி வைக்கலாம். இவ்வகையில் இடம் தர இசைந்துள்ள குடும்பங்கள் நம் சங்கத்தில் உண்டு.

முழு வாக்கியம் பேச முடியாமல் திணறினாலும், விலா எலும்புகளின் இடையே தோல் உள்வாங்கினாலும், உதடு நீலம் பாய்ந்தாலும், உடனடி மருந்தின் பலன் நில்லாமல் போனாலும், காத்திருக்கலாகாது. 108 என்னும் எண்ணை அழைத்து, இடத்தையும் ஆஸ்துமா என்னும் சொல்லையும் முதலில் கூறுங்கள்.

நோயாளியின் பெயர், வயது, உட்கொள்ளும் இரண்டு மருந்துகள், கடைசியாக மூச்சு முட்டிய நாள் ஆகியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி வைத்துக்கொள்ளச் சிறு சீட்டு ஒன்றை அச்சிட்டுள்ளோம். அதன் அடியில் "வலிவு என்றால் இரைப்பு, ஸ்வாசம் முட்டல் என்றால் மூச்சுத் திணறல்" என்றும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம். வரும் திங்கள் முதல் ஞாயிறன்று மாலைக் கூட்டத்தில் கட்டணமின்றிப் பெற்றுக்கொள்ளலாம். மலையாளத்தில் எழுதத் தெரியாத அன்பர்களுக்குப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகள் அங்கேயே உட்கார்ந்து எழுதித் தருவர். மருந்துப் பெட்டியைக் கையோடு கொண்டு வருக.